புள்ளி வைத்த யுராசில்

பள்ளிப் பாடப்புத்தகத்தில் டி.என்.ஏ. என்றால் ஒரு முறுக்கிய ஏணிப் படம். அதைப் பார்த்தால் கருங்கல்லில் செதுக்கி வைத்த மாதிரி ஒரு உறுதி தெரியும். தாத்தாவின் மூக்கு பேரனுக்கு வருகிறது, கொள்ளுப்பேத்திக்கும் வருகிறது. அவ்வளவு காலம் செய்தி சுமக்கிற பொருள் கெட்டியாகத்தானே இருக்கணும்?

இப்படி நினைத்தது நாம் மட்டுமல்ல. 1953இல் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்ட ஃபிரான்சிஸ் கிரிக், இருபது ஆண்டுகள் கழித்து 1974இல் நேச்சர் இதழில் பழைய கதையைத் திரும்பிப் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் நொதிகள் இருக்கலாம் என்பதை நாங்கள் முழுக்கத் தவறவிட்டுவிட்டோம் என்று அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்த இடமே அதுதான்.

பழுது என்ற விஷயமே அப்போது தெரியாது என்றில்லை. புற ஊதாக் கதிர் பட்ட நுண்ணுயிர்கள் வெளிச்சத்தில் வைத்தால் பிழைத்துக்கொள்கின்றன என்று 1949இலேயே ஆல்பர்ட் கெல்னர் கண்டிருந்தார். 1964இல் செட்லோ, ஹனவால்ட் ஆகியோரின் ஆய்வகங்கள், கதிர் பட்ட பகுதியை பாக்டீரியா வெட்டி எடுத்துப் புதிதாக நிரப்புவதைக் காட்டின. ஆனால் இதெல்லாம் வெளியிலிருந்து அடி விழுந்தால் என்ன ஆகும் என்ற ஆராய்ச்சி. கதிர் இல்லை, விஷம் இல்லை, ஒன்றுமே செய்யாமல் 37 டிகிரி தண்ணீரில் சும்மா கிடந்தால் டி.என்.ஏ. என்ன ஆகும்? இந்தக் கேள்வியை உட்கார்ந்து அளந்து பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் தோமஸ் லிண்டால். 1938இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். 1960களில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டி.ஆர்.என்.ஏ. என்ற சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைச் சூடுபடுத்திப் பார்க்கிற வேலை செய்துகொண்டிருந்தார். சூடாக்கினால் அவை வடிவம் இழக்கும், ஆறவிட்டால் திரும்பப் பெறும் என்பது கணக்கு. ஆனால் நிறைய மூலக்கூறுகள் திரும்பவே இல்லை, நிரந்தரமாகச் செத்துப்போயின. ஆர்.என்.ஏ. இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது என்றால் அதன் அண்ணன் டி.என்.ஏ. மட்டும் எப்படித் தாங்கும்?

ஸ்டாக்ஹோமுக்குத் திரும்பி, கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பார்ப்ரோ நைபெர்க் என்ற சக ஆய்வாளருடன் இந்த வேலையைத் தொடங்கினார். சோதனையில் பகட்டு எதுவும் கிடையாது. கதிரியக்கக் குறியிட்ட டி.என்.ஏ.வை உப்புக் கரைசலில் போட்டு வெவ்வேறு வெப்பநிலைகளில் நாள்கணக்கில் வைப்பது. எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்று எண்ணுவது. உயர்ந்த வெப்பநிலையில் கிடைத்த வேகத்தைக் கொண்டு 37 டிகிரியில் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுவது. சமையலறையில் பால் திரிகிற நேரத்தைக் குறித்து வைப்பது போன்ற பொறுமை வேலை.

1972இல் வந்த விடை: ஒரு பாலூட்டி செல்லில் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 பியூரின் பேஸ்கள் (அடினினும் குவானினும்) தம் சர்க்கரைத் தண்டிலிருந்து தாமாகவே கழன்று விழுகின்றன. பேஸ் என்பதற்குக் காரம் என்று பாடநூலில் இருக்கும். மிளகாய் ஞாபகம் வருவதால் நான் பேஸ் என்றே எழுதுகிறேன்.

பத்தாயிரம் என்பது பெரிய எண்ணா, சின்ன எண்ணா? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூளை நரம்பு செல் ஒன்று நம்முடன் 80 வருஷம் வாழ்கிறது என்று வையுங்கள். 10,000 × 365 × 80 போட்டால் சுமார் 29 கோடி. ஒரு செல்லில் உள்ள பியூரின்கள் ஏறத்தாழ 600 கோடி. அதாவது யாரும் பழுதுபார்க்காவிட்டால் கிழவயதில் இருபது எழுத்துக்கு ஒன்று காணாமல் போயிருக்கும். இருபது எழுத்துக்கு ஒன்று ஓட்டையாக இருக்கிற ஏட்டை எவ்வளவு பெரிய பண்டிதராலும் படிக்க முடியாது.

1974இல் அடுத்த அளவீடு. சைட்டோசின் என்ற பேஸ் கழன்று விழுவதோடு நிற்பதில்லை. இருந்த இடத்திலேயே தண்ணீரோடு வினைபுரிந்து தன் அமினோ பகுதியை இழந்து வேறொரு எழுத்தாகவே மாறிவிடுகிறது. அந்த வேறு எழுத்துதான் யுராசில். இது ஒரு நாளைக்கு ஒரு செல்லில் சில நூறு முறை நடக்கிறது. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் உதிர்வதைவிட இது நயவஞ்சகம். உதிர்ந்த இடத்தில் ஓட்டை தெரியும். மாறிய எழுத்தோ நகலெடுக்கும்போது ஒழுங்கான எழுத்து மாதிரியே படிக்கப்படும். சைட்டோசினுக்கு எதிரே குவானின் வரணும். யுராசிலுக்கு எதிரே அடினின் வந்துவிடும். இரண்டு தடவை நகலானால் சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.

இங்கே ஒரு பழைய கேள்விக்கும் பதில் கிடைக்கிறது. ஆர்.என்.ஏ.வில் நான்காவது எழுத்து யுராசில், டி.என்.ஏ.வில் மட்டும் ஏன் தைமின்? தைமின் என்பது வேறொன்றுமில்லை, யுராசிலின் தலையில் மெத்தில் என்ற ஒரு சின்னக் குழு ஒட்டியது. அதைச் செய்ய செல்லுக்குக் கூடுதல் செலவு. எதற்கு வீண் செலவு?

பனையோலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பார்கள். அதனால் 'க' என்று இருப்பது கவா க்கா என்று பதிப்பாசிரியர் இடம் பார்த்து ஊகிக்கணும். டி.என்.ஏ.வும் யுராசிலையே தன் எழுத்தாக வைத்திருந்தால் இதே சிக்கல்தான்: ஒரு யுராசிலைப் பார்த்தால் அது மூலத்திலேயே யுராசிலா, இல்லை சைட்டோசின் கெட்டுப்போய் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தைமின் என்பது புள்ளி வைத்த யுராசில். புள்ளி இருந்தால் மூலப்பாடம்; புள்ளி இல்லாத யுராசில் எங்கே தென்பட்டாலும் பிழை, யோசிக்காமல் நீக்கிவிடலாம்.

நீக்குவதற்கு ஆள் இருந்தால்தானே இந்தத் தர்க்கத்துக்கு அர்த்தம்? லிண்டாலின் வாதம் இந்த இடத்தில் தலைகீழாக ஓடுகிறது. இவ்வளவு வேகத்தில் கெடுகிற பொருளை வைத்துக்கொண்டு உயிர்கள் வாழ்கின்றன, ஆகவே சரிசெய்யும் நொதி இருந்தே ஆகணும், தேடினால் கிடைக்கும். ஈ.கோலை பாக்டீரியாவை உடைத்து அதன் சாற்றில் தேடினார். யுராசில் உள்ள டி.என்.ஏ.வை அந்தச் சாற்றில் போட்டு, என்ன வெளியே வருகிறது என்று பார்த்தார்.

அந்தக் காலத்து அறிவின்படி எதிர்பார்க்கக்கூடியது ஒரு வெட்டும் நொதி, அதாவது பிழையான எழுத்தைச் சர்க்கரையோடும் பாஸ்பேட்டோடும் சேர்த்து நறுக்குகிற கத்தரி. வெளியே வந்ததோ தனி யுராசில், ஒட்டு எதுவும் இல்லாமல். தண்டு அப்படியே இருக்கிறது, பூ மட்டும் கிள்ளப்பட்டிருக்கிறது. அதோடு வெட்டும் நொதிகளுக்குப் பொதுவாக மக்னீசியம் வேண்டும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ.வைச் சேர்த்தால் அவை முடங்கிவிடும். இந்த நொதி இ.டி.டி.ஏ. இருந்தும் கவலைப்படாமல் வேலை செய்தது. ஆக இது புது ஜாதி. 1974இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் வந்த அந்தக் கட்டுரை வெறும் ஐந்து பக்கம், ஒரே ஆசிரியர் பெயர். இன்று இந்த வகை நொதிகளை கிளைகோசிலேஸ் என்கிறோம். மனித செல்லில் பதினொன்று இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான சேதத்துக்கு.

யுராசிலைக் கிள்ளும் மனித நொதியின் மரபணுவை 1989இல் நார்வேயின் ட்ரான்ட்ஹெய்மில் ஹான்ஸ் க்ரோகனின் குழு பிரித்தெடுத்தது. ஈ.கோலையின் நொதியோடு ஒப்பிட்டால் பாதிக்கும் மேல் அமினோ அமிலங்கள் அச்சு அசலாக ஒன்றே. பாக்டீரியாவும் நாமும் பிரிந்து எத்தனை கோடி ஆண்டுகள்! கல்யாணம், கருமாதி எதற்கும் போக்குவரத்து இல்லாத சொந்தம், ஆனால் வீட்டுச் சுத்தியல் மட்டும் ஒரே பட்டறையில் அடித்தது.

1996இல் அதே நார்வே குழுவும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்து ஜான் டெய்னரின் குழுவும் சேர்ந்து, மனித நொதி டி.என்.ஏ.வைப் பிடித்திருக்கும் நிலையிலேயே அதைப் படிகமாக்கிப் படம் எடுத்தார்கள். எழுத்துகள் ஏணியின் உள்ளே அடுக்கியிருக்கின்றன. நொதி வெளியே இருக்கிறது. எப்படித் தொடுவது? படத்தில் தெரிந்தது: யுராசில் ஏணிக்கு வெளியே புரண்டு, நொதியின் ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழியின் வாசலில் 147ஆவது இடத்தில் ஒரு டைரோசின் நிற்கிறது. மெத்தில் உள்ள தைமின் நுழைய வந்தால் அதில் முட்டும், போக முடியாது. க்ரோகன் குழுவினர் அந்த டைரோசினை மட்டும் ஒரு சின்ன அமினோ அமிலமாக மாற்றிப் பார்த்தார்கள். நொதி ஒழுங்கான தைமினையும் பிடுங்கி எறிய ஆரம்பித்துவிட்டது. ஆக, புள்ளியைப் படிக்கிற விரல் அந்த டைரோசின்தான்.

சரி, எழுத்தைக் கிள்ளியாயிற்று. இப்போது அங்கே ஒரு ஓட்டை. நம்ம ஊரில் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறவர் ஒரு துறை, மூடுகிறவர் வேறு துறை, நடுவில் ஆறு மாதம் வண்டிகள் விழும். செல்லிலும் துறைகள் தனித்தனிதான். கிளைகோசிலேஸ் கிள்ளும், ஏப்-1 என்ற நொதி ஓட்டைக்குப் பக்கத்தில் தண்டை வெட்டும், பாலிமரேஸ் பீட்டா மிச்சமிருக்கும் சர்க்கரையை நீக்கிச் சரியான எழுத்தை வைக்கும், எக்ஸ்.ஆர்.சி.சி.1 என்ற துணையோடு லைகேஸ்-3 ஒட்டும். வித்தியாசம் என்னவென்றால், தோண்டியவர் பல நேரம் பள்ளத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார், அடுத்தவர் வந்து நகர்த்தும் வரை. மனிதப் புரதங்களை மட்டும் தனித்தனியே சுத்தமாக எடுத்து, ஒரே குழாயில் கலந்து, இந்த முழு வரிசையும் நடப்பதை லிண்டாலின் ஆய்வகம் 1996இல் காட்டியது.

இதில் இன்னொரு வேடிக்கை. கிளைகோசிலேஸ்களில் ஒன்றை நீக்கிய எலிகள் பெரும்பாலும் பிறந்து, ஓடி ஆடி வளர்கின்றன. ஏப்-1 இல்லாத எலிக்கருவோ தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறது. பிழையைக் கண்டுபிடிக்கிறவர் ஒருவர் போனால் இன்னொருவர் ஓரளவு சமாளிப்பார். பள்ளத்தை மூடுகிற பாதை ஒன்றுதான்.

எலி பிழைத்தது சரி, மனிதர்களில்? இந்த விஷயத்தை ஆய்வகச் சுவாரசியமாக மட்டும் பார்க்க முடியாமல் செய்தது பிரிட்டனில் ஒரு குடும்பம். ஆய்வுக் கட்டுரையில் அவர்களுக்குப் பெயர் 'என் குடும்பம்' (ஆங்கில எழுத்து என்). உடன்பிறந்தோர் மூன்று பேருக்குப் பெருங்குடலில் நிறைய கட்டிகள். இப்படிப்பட்ட குடும்பங்களில் வழக்கமாக ஏ.பி.சி. என்ற மரபணுவில் பிறவிக் கோளாறு இருக்கும். அது ஆதிக்க வகை: அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும். இந்தக் குடும்பத்தில் தேடினால் அப்படி எதுவும் இல்லை.

கார்டிஃப் நகரில் ஜெரமி சீடில், ஜூலியன் சாம்ப்சன் குழுவினர் ஒரு காரியம் செய்தார்கள். ரத்தத்தை விட்டுவிட்டு, கட்டிகளின் உள்ளேயே ஏ.பி.சி. மரபணு எப்படி உடைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்தார்கள். கட்டிக்குக் கட்டி உடைந்த இடம் வேறு, ஆனால் உடைந்த விதம் பெரும்பாலும் ஒன்றே: குவானின்–சைட்டோசின் ஜோடி இருந்த இடத்தில் தைமின்–அடினின். சாதாரணமாக இது சிறுபான்மை வகை மாற்றம். கைரேகை போல அது ஒரு ஆளைக் காட்டிக்கொடுத்தது.

அந்தக் கைரேகை நுண்ணுயிரியலாளர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். மூச்சுவிடும் எந்த செல்லிலும் ஆக்ஸிஜன் குவானினைத் தாக்கி 8-ஆக்ஸோகுவானின் ஆக்கும். இதை ஜப்பானில் கசாயும் நிஷிமுராவும் 1984இல் காட்டினார்கள். கெட்டுப்போன இந்தக் குவானின் அடினினோடு ஜோடி சேரப் பார்க்கும். நகலெடுப்பதற்கு முன் பிடித்துவிட்டால் ஓ.ஜி.ஜி.1 என்ற கிளைகோசிலேஸ் அதை நீக்கிவிடும். தவறிவிட்டால் எதிரே அடினின் வந்து உட்காரும். இப்போது இன்னொரு நொதி வருகிறது, மியூட்-ஒய். அது கெட்டுப்போன குவானினைத் தொடாது. எதிரே இருக்கும் நல்ல அடினினைத்தான் கிள்ளும்! அடினின்மேல் ஒரு குறையும் இல்லை, உட்கார்ந்த இடம்தான் தப்பு. அதை எழுப்பிவிட்டால் சரியான சைட்டோசின் வருவதற்கு இன்னொரு வாய்ப்பு, பிறகு ஓ.ஜி.ஜி.1-க்கு இன்னொரு வாய்ப்பு. இந்த மியூட்-ஒய் இல்லாத பாக்டீரியாவில் குவிவது அதே குவானின்–சைட்டோசினிலிருந்து தைமின்–அடினின் மாற்றம்தான் என்று 1988இலேயே கலிஃபோர்னியாவில் ஜெஃப்ரி மில்லரின் ஆய்வகம் கண்டிருந்தது.

கார்டிஃப் குழு மியூட்-ஒய்யின் மனித வடிவத்தைப் படித்துப் பார்த்தது. நோயுற்ற மூவருக்கும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுது. ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. 2002இல் வெளியானது. கிளைகோசிலேஸ் பழுதால் மனிதருக்குப் பரம்பரைப் புற்றுநோய் வரும் என்பதற்கு முதல் சான்று அதுதான்.

இது அந்தக் குடும்பங்களுக்கு என்ன மாற்றத்தைத் தந்தது? ஒற்றைப் பிரதி பழுதான பெற்றோருக்கு இந்த நோய் வெளிப்படாது. ஆனால் அப்படி இருவர் சேர்ந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. ஆகவே 'எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லையே' என்ற பேச்சு இங்கே செல்லாது. கேட்க வேண்டியது அண்ணன், தங்கையைப் பற்றி. சோதித்துத் தெரிந்துகொண்டால் இளவயதிலிருந்தே குடல் உள்நோக்கிச் சோதனை செய்து, கட்டி புற்றாகும் முன் எடுத்துவிடலாம். பழுது இல்லை என்று தெரிந்த உடன்பிறப்பை அந்த ஆயுள்காலச் சோதனையிலிருந்து விடுவித்துவிடலாம். பின்னாலேயே வந்த பிரிட்டிஷ் ஆய்வுகளில் இந்திய வம்சாவளிக் குடும்பங்களிலும் இது தென்பட்டது, ஐரோப்பியர்களுடையதிலிருந்து வேறுபட்ட ஒரு பிறழ்வோடு. மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டுகிற நம் வழக்கத்தில், இரண்டு பிரதியும் ஒரே பழுதாக வந்து சேரும் வாய்ப்பு கூடும் என்பதை மருத்துவர்கள் சொல்லாமலே நாம் கணக்குப் போடலாம்.

இந்தியா என்றதும் இன்னொன்று. பி.பி.எஸ்.2 என்று ஒரு பாக்டீரியா-தின்னி வைரஸ் உண்டு, அதன் டி.என்.ஏ.வில் தைமினே கிடையாது, எல்லாம் யுராசில். புள்ளியில்லா ஏட்டோடு புள்ளி பார்க்கும் காவலர் உள்ள வீட்டுக்குள் நுழைகிறது. எப்படிப் பிழைக்கும்? நுழைந்ததும் யு.ஜி.ஐ. என்ற சிறு புரதத்தைச் செய்கிறது, அது டி.என்.ஏ. போலவே வேஷம் போட்டு நொதியின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. ஈ.கோலை நொதியின் வாயில் இந்தப் புரதம் அடைத்திருக்கும் படிகப் படத்தை 1998இல் வெளியிட்டது பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் உமேஷ் வர்ஷ்னே, எம். விஜயன் ஆகியோரின் குழுக்கள்.

2015இல் வேதியியல் நோபல் லிண்டாலுக்கும் பால் மோட்ரிச், அஸீஸ் சன்ஜார் இருவருக்கும் கிடைத்தது. மற்ற இருவரும் வேறு இரண்டு பழுதுநீக்கும் வழிகளை விளக்கியவர்கள். நோபலை மூன்று பேருக்கு மேல் பங்கிட முடியாது என்ற விதி இந்தத் துறைக்கு ரொம்பக் கஞ்சத்தனம் என்பது என் அபிப்பிராயம்; ஹனவால்ட்டை விட்டுவிட்டு இந்தக் கதையை எழுத முடியாது.

லிண்டாலின் அளவீடுகள் போய்ச் சேர்ந்த இன்னொரு இடம் தொல்லியல். உயிர் போனதும் நொதிகள் நின்றுவிடும், உதிர்வது நிற்காது. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். 1993இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அம்பர் பிசினில் சிக்கிய கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையான பூச்சிகளில் டி.என்.ஏ. கிடைத்ததாக அப்போது வந்த செய்திகளை அவர் நம்பவில்லை. ஜுராசிக் பார்க் படம் வந்த வருஷமும் அதுதான். பின்னால் அந்தச் செய்திகள் நிலைக்கவில்லை. நம் வெயிலில் இது இன்னும் கஷ்டம்: ஹரியானாவின் ராக்கிகடியில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒரு பெண்ணின் டி.என்.ஏ. மட்டும்தான் படிக்கிற அளவுக்குத் தேறியது. 2019இல் வெளியான முடிவு அது.

அப்படிக் கிடைக்கும் பழைய துண்டுகளின் ஓரங்களில் சைட்டோசின்கள் யுராசிலாகிக் கிடக்கும். அதுவே அது பழையது, ஆய்வகத்தில் யாரோ தும்மியதிலிருந்து வந்ததல்ல என்பதற்கு அடையாளம். ஆனால் யுராசில் நிறைய இருந்தால் பாடம் தப்பாகப் படிக்கப்படும். அதனால் இன்றைய தொல்மரபணு ஆய்வகங்கள் பலவற்றில் லிண்டால் 1974இல் கண்ட அதே நொதியைக் கொஞ்ச நேரம் மட்டும் விட்டு, நடுவில் உள்ள யுராசில்களைக் கிள்ளியெடுத்துவிட்டு, ஓரத்தில் சிலவற்றை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள்.